சேலத்து வெயிலிலும் ஏற்காட்டுக் குளிரிலும் ஒரு யூரிக் அமில மீட்டர்

விரல் நுனியைக் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்தில் யூரிக் அமிலத்தின் அளவைக் காட்டும் கையடக்க மீட்டர் ஒன்றைப் பதினெட்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதும் வேலை. வார இறுதியில் சேலம் அழகாபுரத்தில் வீடு. ஆகவே இந்தக் கருவி இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் என்னோடு எழுபது முறைக்குக் குறையாமல் ஏறி இறங்கி, கீழே சித்திரை வெயிலையும் மேலே மார்கழிப் பனியையும் பார்த்துவிட்டது. அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே வகையில் வேறு கருவிகளும் சந்தையில் கிடைக்கின்றன. நான் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றுக்கு மட்டும் உரியவை அல்ல, சிலவற்றுக்குக் கருவியைவிட நானே பொறுப்பு.

எனக்கு வந்திருப்பது கௌட் என்ற மூட்டு நோய். நம் பக்கத்தில் இந்த நோய்க்குத் தனிப்பெயர் அவ்வளவாகப் புழக்கத்தில் இல்லை. "அவருக்கு யூரிக் ஆசிட் இருக்குங்க" என்றுதான் சொல்வார்கள், யூரிக் அமிலமே இல்லாத மனிதர் எங்கோ இருப்பதைப் போல. நோயின் பெயரே ஓர் எண்ணாகிவிட்ட ஊரில், அந்த எண்ணைக் காட்டும் கருவி விற்பதில் வியப்பில்லை. நோய் குடியிருப்பது மூட்டுக்குள் படிந்திருக்கும் யூரிக் அமில உப்பின் படிகத்தில் என்பதையும், ரத்தத்தில் உள்ள எண் அந்தப் படிகத்தின் நிழல் மட்டுமே என்பதையும் கருவியை வாங்கிய பிறகுதான், அதுவும் ஓர் இரவு முழுக்க வலியில் கிடந்த பிறகுதான், புரிந்துகொண்டேன். கருவியைப் பற்றிச் சொல்லும் இடத்தில் படிகத்தைப் பற்றியும் இவ்வளவு சொல்ல வேண்டியிருப்பது அதனால்தான்.

ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் வாங்கினேன். கருவிக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய். ரத்தத்தைத் தொட்டுச் சோதிக்கும் பட்டையான ஸ்ட்ரிப் 25 கொண்ட டப்பாவுக்குத் தனியாக ஆயிரத்து நூறு. "சுகர் மெஷின் மாதிரிதாங்கண்ணா, ஒண்ணும் கஷ்டமில்லை" என்றான் கடைப் பையன். பெட்டிக்குள் உள்ளங்கையில் அடங்கும் மீட்டர், குத்துவதற்கான பேனா, பத்து லான்செட் ஊசிகள், ஒவ்வொரு டப்பா ஸ்ட்ரிப்போடும் புதிதாக வரும் நகத்தளவு குறியீட்டு (code) சிப், எல்லாவற்றையும் போட்டுவைக்க ஒரு ஜிப் பை ஆகியவை இருந்தன. கருவி சரியாக அளக்கிறதா என்று சோதிப்பதற்கான கன்ட்ரோல் திரவம் இல்லை. அதைக் கொண்டு அவ்வப்போது சரிபார்க்கும்படி கையேடு மூன்று இடங்களில் அறிவுறுத்துகிறது. ஆனால் கடையில் கேட்டபோது அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. உதவி எண்ணுக்குப் பேசினேன், அனுப்பி வைப்பதாகச் சொன்னார்கள், இன்றுவரை வரவில்லை. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைத்தெருவில் படிக்கல் இல்லாத தராசை யாரும் வாங்கமாட்டார்கள். மருந்துக் கடையில் நான் வாங்கிவந்தேன்.

பயன்படுத்தும் முறை உண்மையிலேயே எளிது. ஸ்ட்ரிப்பைச் செருகினால் திரையில் ரத்தச் சொட்டின் படம் மின்னும். சொட்டை ஸ்ட்ரிப்பின் விளிம்பில் தொட்டால் அது தானாக உறிஞ்சிக்கொள்ளும். இருபது நொடிகளில் எண் வரும். சிக்கல் அந்தச் சொட்டு வருவதில்தான். மலையில் மார்கழி, தை மாதக் காலைகளில் விரல் விறைத்திருக்கும்; குத்தினால் ரத்தம் பொட்டளவுக்கு மேல் வராது; விரலைப் பிதுக்கினால் ரத்தத்தோடு திசுநீரும் கலந்து வந்து அளவைக் கெடுத்துவிடும். பாதிச் சொட்டோடு தொட்டுவிட்டால் பிழைக் குறி வந்து ஸ்ட்ரிப் வீணாகும், அதாவது நாற்பத்து நான்கு ரூபாய். முதல் மாதத்தில் மட்டும் ஆறு ஸ்ட்ரிப்களை இப்படி இழந்தேன். பிறகு சூடான காப்பி டம்ளரை இரண்டு நிமிடம் கையில் பிடித்திருந்துவிட்டு, விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் ரத்தம் தாராளமாக வருகிறது என்று கண்டுகொண்டேன். கையேட்டில் வெந்நீரில் கை கழுவச் சொல்லியிருக்கிறார்கள். ஏற்காட்டில் காப்பி வெந்நீரைவிடச் சீக்கிரம் கிடைக்கும்.

கழுவுவது வேறொரு காரணத்துக்காகவும் முக்கியம். ஒருநாள் தோட்டத்து ஆரஞ்சு ஒன்றை உரித்துத் தின்றுவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சோதித்தேன்; டெசிலிட்டருக்கு 9.6 மில்லிகிராம் காட்டியது. சோப்புப் போட்டுக் கழுவி மறுபடி பார்த்தால் 7.9. இந்த ஸ்ட்ரிப்புக்குள் இருப்பது நுண்ணிய மின்முனைகள். ரத்தத்தில் உள்ள யூரிக் அமிலம் அவற்றிடம் எலெக்ட்ரானை இழக்கும்போது உண்டாகும் மின்னோட்டத்தைத்தான் கருவி எண்ணாக மாற்றுகிறது. வைட்டமின் சி-யும் அதேபோல எளிதில் எலெக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் பொருள் என்பதால், யார் கொடுத்தது என்று கருவிக்குத் தெரியாது. வைட்டமின் சி மாத்திரைகளை அதிக அளவில் உட்கொள்பவர்களுக்குத் தவறான எண் வரக்கூடும் என்று கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. ஆரஞ்சுக் கையோடு குத்திக்கொள்பவர்களை அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

வெயிலைப் பொறுத்தவரை, டப்பாவை முப்பது டிகிரிக்குள் வைத்திருக்கச் சொல்கிறார்கள். சேலத்தில் சித்திரையில் அது வீட்டுக்குள்ளேயே நடக்காது. ஒரு மதியம் ஸ்கூட்டர் டிக்கியில் மறந்து வைத்த டப்பாவிலிருந்த ஸ்ட்ரிப்கள் அதன் பிறகு ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் காட்டத் தொடங்கின. அவற்றைத் தூக்கி எறிந்தேன்.

இனி துல்லியம். ஆறு முறை, வெவ்வேறு மாதங்களில், லேபில் கையிலிருந்து ரத்தம் கொடுத்த அதே காலையில், அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து விரலையும் குத்திப் பார்த்தேன். கருவியின் எண் லேபின் எண்ணைவிட ஒருமுறை 0.2 குறைவாகவும், மற்ற ஐந்து முறை 0.3 முதல் 0.8 வரை கூடுதலாகவோ குறைவாகவோ இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று ஸ்ட்ரிப்களை அடுத்தடுத்துச் செலவிட்டதில் 7.1, 7.6, 6.9 என்று வந்தது. சர்க்கரை அளவில் இந்த விகிதத்தில் ஊசலாட்டம் இருந்தால் பெரிதாகக் குடி முழுகிவிடாது. யூரிக் அமிலத்தின் கதை வேறு. உடல் வெப்பமான 37 டிகிரியில் டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 6.8 மில்லிகிராம் வரைதான் யூரேட் எனும் யூரிக் அமில உப்பு கரைந்த நிலையில் இருக்க முடியும். அதற்கு மேலே போனால் படிகமாகும் வாய்ப்பு உண்டு. சிகிச்சையின் இலக்கு 6-க்குக் கீழே. கரைவதற்கும் படிவதற்கும் இடையிலுள்ள தூரம் ஒரு மில்லிகிராம்கூட இல்லை, என் கருவியின் ஊசலாட்டமும் ஏறக்குறைய அதே தூரம். ஆற்றைக் கடக்கும் பாலத்தின் அகலமும் நம் தள்ளாட்டத்தின் அகலமும் ஒன்றாக இருப்பதைப் போன்ற நிலைமை இது. தனி ஒரு எண்ணை நம்பாமல் நான்கைந்து எண்களின் போக்கைப் பார்த்தால்தான் இதற்குப் பொருள் உண்டு என்று இதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

இங்கே பழைய கதை ஒன்றைச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஆல்ஃபிரட் பேரிங் கேரட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1848-இல் கௌட் நோயாளிகளின் ரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதைக் காட்டினார். 1854-இல் அதைக் கண்டறிய ஒரு நூல் சோதனையை விவரித்தார். ரத்தத்திலிருந்து பிரிந்த சீரத்தை ஆழமில்லாத கண்ணாடித் தட்டில் ஊற்றி, சிறிது அசிட்டிக் அமிலம் சேர்த்து, லினன் நூலிழை ஒன்றை அதில் போட்டு ஓரிரு நாள் வைத்தால், யூரிக் அமிலம் மிகுதியாக இருக்கும் பட்சத்தில் நூலின் மேல் கற்கண்டு போலப் படிகங்கள் கோத்துக்கொள்ளும். அவருக்கு இரண்டு நாள் ஆயிற்று, எனக்கு இருபது நொடி போதும். ஆனாலும் அவருடைய சோதனையில் ஒரு நேர்த்தி இருக்கிறது: அவர் கண்ணால் பார்த்தது படிகத்தை. நான் பார்ப்பது எண்ணை மட்டும்.

அந்த வேறுபாட்டின் விலையைக் கொடுத்தது கருவி வாங்கிய மூன்றாம் மாதம். ஐப்பசியில் வலது முழங்கால் வீங்கி, சேலத்தில் மூட்டு நோய் மருத்துவர் ஒருவரிடம் போயிருந்தபோதே நோய் உறுதியாகிவிட்டது; லேபில் 8.8 இருந்தது, தினசரி மாத்திரை தொடங்கலாம் என்றார். நான்தான், "பத்தியம் இருந்து பார்க்கிறேனுங்க டாக்டர்" என்று தள்ளிப்போட்டு, பத்தியத்தின் பலனைப் பார்க்க இந்தக் கருவியை வாங்கினேன். கார்த்திகை முழுக்க அது 7.9-க்கும் 8.6-க்கும் இடையே ஆடிக்கொண்டிருந்தது. தை மாதம் ஒரு புதன்கிழமை, ஏற்காட்டுக் குடியிருப்பில் இரவு இரண்டு மணிக்கு வலது கால் பெருவிரல் தணலில் வைத்ததைப் போல எரிந்து எழுந்தேன். போர்வையின் நுனி பட்டாலும் உயிர் போயிற்று. காப்பி டம்ளரெல்லாம் இல்லாமலே, நடுங்கும் கையால் குத்திப் பார்த்தேன். 6.1.

எனக்கு மகிழ்ச்சியே வந்துவிட்டது. பத்தியம் வேலை செய்திருக்கிறது, எண் இறங்கிவிட்டது, ஆகவே இது கௌட் இல்லை, மாலையில் களத்து மேட்டில் கால் பிசகியதுதான் காரணம் என்று முடிவு கட்டினேன். கைபேசியில் அழைத்ததும் விழித்துக்கொண்ட என் மனைவி, "ஏங்க, நடுராத்திரியில நம்பர் பார்த்து என்ன பண்ணப் போறீங்க? வீக்கத்துக்குக் குடுத்த மாத்திரையப் போடுங்க" என்றாள். நான் போடவில்லை. விரலுக்குத் தைலம் தேய்த்து, இறுக்கிக் கட்டி, இரண்டு நாள் கிடந்தேன். வெள்ளியன்று பேருந்தில் இறங்கிவரும்போது ஒவ்வொரு வளைவிலும் பாதத்தை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்திருந்தேன். மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். லேபில் அன்றைக்கு எடுத்ததும் 6.4 என்றுதான் வந்தது; கருவி பொய் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து அதே லேபில் 8.7.

இதைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்க வேண்டும்: கௌட் தாக்கும் நாளில் ரத்தத்தில் யூரிக் அமிலம் இயல்பாக இருக்கக்கூடும். அழற்சியின்போது சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிகமாக யூரிக் அமிலத்தை வெளியேற்றுவது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. வலி தணிந்து குறைந்தது இரண்டு வாரம் கழித்து எடுக்கும் அளவே நம்பத்தக்கது. கருவியோடு வந்த வண்ணத் துண்டறிக்கையோ, "கௌட் உள்ளதா என வீட்டிலேயே அறியுங்கள்" என்கிறது. அதை இந்தக் கருவியால் ஒருபோதும் அறிய முடியாது.

அறியக்கூடிய இடம் நுண்நோக்கி. 1961-இல் அமெரிக்க மருத்துவர்கள் டேனியல் மெக்கார்ட்டியும் ஜோசஃப் ஹாலண்டரும் நோயாளிகளின் மூட்டுநீரை முனைவாக்கிய ஒளியில் பார்த்து, அதில் மின்னிய ஊசிகள் மோனோசோடியம் யூரேட் படிகங்கள் என்று காட்டினார்கள். ஐப்பசியில் என் முழங்காலிலிருந்து சற்றுக் கலங்கிய மஞ்சள் நீரை ஊசியால் இழுத்த மருத்துவர் அதில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, விரும்பினால் பார்க்கலாம் என்றார். இருண்ட செந்நீலப் பின்னணியில், வைக்கோல் கூளத்தைப் போல ஊசிகள் சிதறிக்கிடந்தன. ஒரு திசையில் கிடந்தவை பளிச்சென்ற மஞ்சள், குறுக்கே கிடந்தவை நீலம். அவர் தட்டை மெதுவாகத் திருப்பியபோது மஞ்சள் ஊசி நீலமாயிற்று, நீலம் மஞ்சளாயிற்று. இந்த நிறமாற்றத்தின் வரிசைதான் யூரேட் படிகத்தையும், கௌட்டைப் போலவே வேடமிட்டு வரும் கால்சியம் பைரோபாஸ்பேட் படிகத்தையும் பிரித்துக் காட்டுகிறதாம். சில ஊசிகள் வெள்ளையணுவின் வயிற்றுக்குள் இருந்தன, எலியை விழுங்கிய பாம்பை அல்ல, பாம்பை விழுங்க முயன்ற எலியைப் பார்ப்பதைப் போல. ஐந்து நிமிடம் பார்த்ததை நான் இரண்டு மாதத்தில் மறந்து, ஒரு எண்ணை நம்பியிருக்கிறேன்.

வலிக்குக் காரணம் அந்தப் படிகம் குத்துவது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். மெக்கார்ட்டியும் அவருடைய உடன் ஆய்வாளர் ஃபேர்ஸும் 1962-இல் செயற்கையாகத் தயாரித்த யூரேட் படிகங்களைத் தங்கள் முழங்கால்களிலேயே செலுத்திக்கொண்டு, சில மணி நேரத்தில் கடும் கௌட் வலியை வரவழைத்துக்கொண்டார்கள். ஆக, படிகம் நோயை உண்டாக்கும் என்பது உறுதியாயிற்று. எப்படி என்பது தெளிவாக மேலும் நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் யூர்க் ஷாப்பின் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வு, படிகத்தை விழுங்கும் மேக்ரோஃபேஜ் என்ற காவல் அணுவுக்குள் என்எல்ஆர்பி3 என்ற புரதத்தை மையமாகக் கொண்ட ஒரு கூட்டமைப்பு விழித்துக்கொண்டு, இன்டர்லூகின்-1 பீட்டா என்ற சமிக்ஞைப் பொருளை வெளியே விடச் செய்கிறது என்று காட்டியது. அந்தச் சமிக்ஞை கிடைத்ததும் ரத்தக் குழாய்களிலிருந்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் மூட்டுக்குள் பாய்கின்றன, வீக்கமும் சிவப்பும் எரிச்சலும் அவற்றோடு வருகின்றன. அதாவது என் பெருவிரலை எரித்தது என்னுடைய நோய் எதிர்ப்பு மண்டலமே; கிருமி எதுவும் வராத இடத்தில், உப்புக் கூளத்தைக் கண்டு ஊரைக் கூட்டியிருக்கிறது. முடக்குவாதத்திலும் எதிர்ப்பு மண்டலம்தான் மூட்டைத் தாக்குகிறது என்றாலும், அங்கே உடல் தன் திசுவையே அயலானாக எண்ணி எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது. கௌட்டில் வேலை செய்வது அதைவிடப் பழைய, பிறவியிலேயே வாய்த்த காவல். இன்டர்லூகின்-1-ஐத் தடுக்கும் கனாகினுமாப் என்ற ஊசி மருந்து சில அரிய பிறவி அழற்சி நோய்களுக்குப் பயன்பட்டு வந்தது. 2023-இல் அமெரிக்காவில் கௌட் தாக்குதலுக்கும் அனுமதி பெற்றதற்கு இந்தக் கண்டுபிடிப்பே அடிப்படை. நம் போன்றவர்களின் கைக்கு எட்டும் விலை அல்ல அது.

தாக்குதல் ஏன் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே அடங்குகிறது என்பதற்கும் இதிலேயே விடை கிடைக்கிறது. ஜெர்மனியின் எர்லாங்கன் நகர ஆய்வாளர்கள் 2014-இல் விவரித்தபடி, கூட்டமாக வந்த நியூட்ரோஃபில்கள் தங்கள் டிஎன்ஏ இழைகளை வெளியே வீசி, வலைகளாகத் திரண்டு, அந்தத் திரளுக்குள் படிகங்களையும் சமிக்ஞைப் பொருள்களையும் பிடித்துச் சிதைக்கின்றன. தைலம் போட்டதால் குணமாயிற்று என்று நான் சொல்லித் திரிந்திருப்பேன். பத்து நாளில் எதைப் போட்டிருந்தாலும் குணமாகியிருக்கும். லாட வைத்தியம் முதல் கைபேசியில் வரும் கஷாயக் குறிப்புவரை இந்த நோயில் எல்லாமே "வேலை செய்வதாக"த் தோன்றுவதன் ரகசியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

பெருவிரலையும் குளிரையும் பற்றி ஒரு வார்த்தை. யூரேட் உப்பின் கரைதிறன் வெப்பம் குறையக் குறைய வேகமாக இறங்குகிறது. 37 டிகிரியில் 6.8 என்பது 30 டிகிரியில் ஏறக்குறைய 4.5 மட்டுமே. உடலின் நடுவிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் கால்விரல், ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு மீட்டர் உயரத்தில் தை மாத நள்ளிரவில், 37 டிகிரியில் இருக்க வாய்ப்பில்லை. கருவி காட்டிய 6.1 கூட அந்த விரலைப் பொறுத்தவரை அதிகம்தான். மலையில் இப்போது காலுறை போட்டுக்கொண்டுதான் தூங்குகிறேன். அது மருத்துவமல்ல, என் மனத் திருப்தி.

மாசியில் அலோபியூரினால் தொடங்கினேன். கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் உருவாக்கிய மருந்து. இருவரும் 1988-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். யூரிக் அமிலம் உருவாகும் கடைசிப் படியையே இது தடுக்கிறது. நூறு மில்லிகிராமில் ஆரம்பித்து, சில வாரங்களுக்கு ஒருமுறை கூட்டி, முந்நூறுக்கு வந்தோம். மெதுவாகத் தொடங்குவதற்கு முக்கியக் காரணம் அரிதாக வரும் கடுமையான தோல் ஒவ்வாமை. உடலில் சிவப்புத் தடிப்பு தென்பட்டால் உடனே நிறுத்திவிட்டு ஓடி வரும்படி மருத்துவர் இரண்டு முறை சொன்னார். கூடவே மூன்று மாதத்துக்குக் குறைந்த அளவில் கால்ச்சிசின். பழைய படிகங்கள் கரையத் தொடங்கும்போது அவை அசைந்து கொடுத்து, எதிர்ப்பு மண்டலத்தை மறுபடி உசுப்பும் என்பதால் இந்தக் காப்பு. மருந்து சாப்பிடத் தொடங்கிய பிறகு வலி வந்ததே என்று பலர் மருந்தையே விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான்.

கால்ச்சிசின் என்ற பெயரைப் பார்த்ததும் என் சகலையின் நினைவு வந்தது. அவர் மூலனூர்ப் பக்கம் இரண்டு ஏக்கரில் கண்வலிக்கிழங்கு போட்டிருக்கிறார். நம் மாநில மலரான செங்காந்தள்தான் அது. கம்பிப் பந்தலில் படர்ந்து பூக்கும் காலத்தில் காலை நேரத்தில் ஆள்வைத்து ஒவ்வொரு பூவாக மகரந்தத்தைத் தொட்டு வைப்பார்கள். காய்த்து உலர்ந்த விதையைக் கிலோ கணக்கில் வாங்கிப்போகும் வியாபாரிகள் எதற்கு வாங்குகிறார்கள் என்பது அவருக்கு மேம்போக்காகத்தான் தெரிந்திருந்தது. அந்த விதையிலிருந்து கால்ச்சிசின் எடுக்கிறார்கள். நியூட்ரோஃபில்கள் நகர்வதற்குத் தேவையான உள்கட்டமைப்பை அது குலைக்கிறது. கிழங்கும் விதையும் கொடிய விஷம் என்பது அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். அரை மில்லிகிராம் மாத்திரைக்கும் ஒரு துண்டுக் கிழங்குக்கும் உள்ள தூரம் உயிருக்கும் சாவுக்கும் உள்ள தூரம்.

மாத்திரை தொடங்கிய பிறகுதான் கருவி தன் விலைக்கு வேலை செய்தது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஞாயிறு காலை, வெறும் வயிற்றில், சேலம் வீட்டில், ஒரே நேரத்தில் எடுத்து நோட்டில் எழுதினேன்: 8.3, 8.5, 7.4, 7.7, 6.8, 6.2, 6.5, 5.7. இடையிடையே மேலே எகிறினாலும் படி இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. சித்திரைக் கடைசியில் கணுக்காலில் ஒரு சிறு தாக்குதல் வந்தபோது மாத்திரையை நிறுத்தலாமா என்ற எண்ணம் வந்தது உண்மை. நோட்டில் இருந்த அந்த வரிசைதான் என்னைத் தடுத்தது. ஆனியில் லேபில் 5.6. மருத்துவர் கருவியின் நினைவகத்தில் இருந்த எண்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, லேப் தாளைத்தான் கோப்பில் வைத்தார். அது சரியென்றே எனக்கும் பட்டது.

சாப்பாட்டைக் கண்காணிக்க இது உதவுமா என்று கேட்பவர்களுக்கு: உதவாது. கறிக்குழம்பு சாப்பிட்ட மறுநாளும், பத்தியம் இருந்த மறுநாளும் எடுத்த எண்களைப் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு கருவியின் ஊசலாட்டத்துக்குள் மறைந்துவிடுகிறது. உடலில் உள்ள யூரிக் அமிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் உணவிலிருந்து வருகிறது; பெரும்பாலான நோயாளிகளுக்கு உண்மையான குறை, சிறுநீரகம் அதைப் போதிய அளவு வெளியேற்றாததில் இருக்கிறது. பருப்பையும் கீரையையும் நிறுத்தச் சொல்லி எங்கள் வீட்டில் ஒரு மாதம் ரசமும் மோரும் மட்டுமே ஓடியது. இறைச்சி, மீன், பீர், சர்க்கரைப் பானங்கள் ஆகியவை கௌட் அபாயத்தைக் கூட்டுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. பியூரின் உள்ள காய்கறிகள் கூட்டுவதாகத் தெரியவில்லை, பால் பொருள்கள் குறைக்கின்றன. சேலத்துத் தின்பண்டமான தட்டுவடை செட்டை யாரும் ஆராயவில்லை, நான் விடவுமில்லை.

கருவியால் வந்த கெடுதலும் ஒன்று உண்டு. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் மச்சான், வீட்டுக்கு வந்தபோது விளையாட்டாக விரலை நீட்டினார். 8.2. ஒரு நாளும் மூட்டு வலி அறியாத மனிதர் அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் கால் விரலை அமுக்கிப் பார்க்கத் தொடங்கினார். கடையில் என் மாத்திரைச் சீட்டைக் காட்டித் தனக்கும் வாங்கப் போனார். நல்லவேளையாக மருத்துவரிடம் அழைத்துப் போனேன். யூரிக் அமிலம் கூடியிருப்பவர்களில் பெரும்பாலோருக்குக் கௌட் வருவதே இல்லை என்றும், தாக்குதலே வராத ஒருவருக்கு எண்ணை மட்டும் பார்த்து மாத்திரை கொடுப்பதில்லை என்றும் அவர் விளக்கினார். அதற்குப் பதிலாக ரத்த அழுத்தத்தைப் பார்த்தார். அதற்காக மச்சான் சாப்பிட்டுவந்த நீர்ப்பெருக்கி மாத்திரை யூரிக் அமிலத்தைக் கூட்டும் வகையைச் சேர்ந்தது என்று கண்டு அதை மாற்றிக்கொடுத்தார். கருவி தற்செயலாக ஒரு நன்மை செய்தது என்றும் இதைச் சொல்லலாம். மச்சான் ஒப்புக்கொள்ளமாட்டார்; இரண்டு மாதம் அவர் தூங்கவில்லை.

செலவைப் பொறுத்தவரை, இந்தக் கருவி சர்க்கரை நோயாளிகளின் பழக்கத்தை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அவர்கள் தினமும் குத்துவார்கள், 25 ஸ்ட்ரிப் ஒரு மாதத்தில் தீரும். யூரிக் அமிலத்தைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறைக்கு மேல் பார்ப்பது வீண். இலக்கை எட்டியபின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும் என்று என் மருத்துவர் சொல்கிறார். டப்பாவைத் திறந்தால் தொண்ணூறு நாளுக்குள் பயன்படுத்திவிட வேண்டும் என்பது நிபந்தனை. அப்படிப் பார்த்தால் ஒரு டப்பாவில் ஆறேழு ஸ்ட்ரிப்தான் எனக்குப் பயன்படும், ஒரு சோதனைக்கு நூற்றைம்பது ரூபாய்க்கு மேல் விழும். சேலத்தில் லேபிலேயே அந்தத் தொகைக்குள், இதைவிடத் துல்லியமாக, முடித்துக்கொள்ளலாம். ஐந்தைந்து ஸ்ட்ரிப்களைத் தனித்தனி உறையில் அடைத்து விற்றால் இந்தக் குறை தீரும்.

ஆகவே கீழே சேலத்தில் குடியிருப்பவர்கள், நடந்து போகும் தூரத்தில் லேப் இருக்கும்போது, இதை வாங்க வேண்டியதில்லை. நோய் ஏற்கெனவே உறுதியாகி, மாத்திரையின் அளவை ஏற்றிக்கொண்டிருக்கும் முதல் ஆறு மாதத்தில் இருப்பவர்களும், சோதனைக்காக ஒவ்வொரு முறையும் பேருந்து ஏறி இறங்க வேண்டிய மலை ஊர்க்காரர்களும் வாங்கலாம். வாங்கும்போது டப்பாவின் அடியில் உள்ள காலாவதித் தேதியைப் பார்த்துக்கொள்ளவும். எனக்கு வந்த இரண்டாவது டப்பாவில் ஐந்து மாதமே மிச்சம் இருந்தது. தோட்டத்தில் மிளகு எடைபோடும் பெரியவர் ஒருவருக்கும் எங்கள் ஜீப் ஓட்டுநருக்கும் இதே நோய் இருப்பதால், இப்போது மூன்று பேரும் சேர்ந்து ஒரு டப்பாவைத் திறக்கிறோம். ஊசியும் குத்தும் பேனாவும் அவரவருக்குத் தனி, மீட்டரை ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட்டில் துடைக்கிறோம். மாதத்தின் முதல் திங்கள் காலை, அலுவலகத் திண்ணையில், மூன்று காப்பி டம்ளர்களோடு.